ஃபெல்ப்ஸ் ஏரியும் சாமர்செட் பண்ணையும்: பெட்டிக்ரூ மாநிலப் பூங்காவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வட கரோலினாவில் ராலி, கேரி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார இறுதி கிடைத்தால் 64-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து நேரே அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்குப் போய்விடுவது வழக்கம். அந்தச் சாலையில் பிளிமத்தைத் தாண்டியதும் கிரெஸ்வெல் என்றொரு சிற்றூர் வரும். யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அங்கிருந்து தெற்கே ஏழு மைல் போனால் 16,600 ஏக்கரில் ஃபெல்ப்ஸ் ஏரி. அதன் கரையில் 1939-இல் உருவான பெட்டிக்ரூ மாநிலப் பூங்கா. பூங்காவை ஒட்டியே, ஒரு காலத்தில் அமெரிக்கத் தெற்கின் வட பகுதியில் இருந்த மிகப் பெரிய அடிமைப் பண்ணைகளில் ஒன்றான சாமர்செட் பிளேஸ்.

இந்த இடத்தைப் பார்ப்பதில் வரிசை முக்கியம். வருகிறவர்கள் காரை நிறுத்தியதும் முதலாளியின் மாளிகைக்குப் போகிறார்கள். தூண்களையும் தளபாடங்களையும் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் என் பிடிவாதம். முதலில் தோணி, அடுத்து கால்வாய், பிறகு அடிமைகளின் குடியிருப்பு, அதற்கும் பிறகு மாளிகை. இந்த வரிசையில் போனால், அந்த மாளிகை எதன்மேல் நிற்கிறது என்பது தெரிந்த பிறகே அதற்குள் நுழைவீர்கள்.

எப்போது போகலாம்

டிசம்பரும் ஜனவரியும்தான் என் தேர்வு. அன்னங்கள் வந்திருக்கும், கொசு இருக்காது, மரங்கள் இலை உதிர்த்திருப்பதால் ஏரி தூரத்திலிருந்தே தெரியும். அடுத்தபடியாக மார்ச் கடைசியும் ஏப்ரலும், அக்டோபரும் நல்லவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தவிர்த்துவிடுங்கள். சதுப்பு நிலத்துக் கோடையில் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம், கொசுவையும் கடி ஈயையும் உண்ணியையும் பொறுத்துக்கொள்ள முடியாது. பள்ளி விடுமுறை கோடையில்தான் வருகிறது, வேறு வழியில்லை என்பவர்கள் முழுக்கைச் சட்டை, நீண்ட கால்சட்டை, பூச்சி விரட்டி இம்மூன்றும் இல்லாமல் காட்டுப் பாதையில் கால் வைக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கிழமையையும் கவனியுங்கள். பூங்கா வாரத்தின் ஏழு நாளும் திறந்திருக்கும். சாமர்செட் பிளேஸ் தனி நிர்வாகம். அது 1969 முதல் மாநில வரலாற்றுத் தலம், வழக்கமாகச் செவ்வாய் முதல் சனி வரைதான் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. ஆகவே சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள், கிளம்பும் முன் இரண்டு இடங்களின் இணையதளத்திலும் அன்றைய நேரத்தைச் சரிபாருங்கள்.

வழியும் கட்டுச்சோறும்

ராலியிலிருந்து 64-இல் கிழக்கே ராக்கி மவுன்ட், வில்லியம்ஸ்டன், பிளிமத் வழியாகக் கிரெஸ்வெல் வரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் வருவதென்றால் நாக்ஸ் ஹெட்டிலிருந்து கொலம்பியா வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கிரெஸ்வெல்லில் இறங்கியதும் பூங்காவுக்கான பலகைகள் வழிகாட்டும்.

பெட்ரோலைப் பிளிமத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் உணவகம் கிடையாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுற்றுவட்டாரத்திலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். மரத்தடியில் மேசைகள் போட்டிருக்கிறார்கள். மிச்சம் மீதியை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், இது கருங்கரடி நடமாடும் வட்டாரம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மது அருந்த அனுமதியும் இல்லை.

கிரெஸ்வெல்லிலிருந்து வரும் அந்த ஏழு மைலில் சன்னலுக்கு வெளியே கண் வைத்துக்கொள்ளுங்கள். தரை மட்டப் பலகை வைத்ததுபோல் இருக்கும் வயல்கள், நூல் பிடித்ததுபோல் ஓடும் வாய்க்கால்கள். இயற்கையில் இப்படி ஒரு நேர்கோடு வராது. இவை எல்லாம் ஒரு காலத்தில் நீர் தேங்கிய காடு.

முதல் நிறுத்தம்: தோணிகள்

பூங்கா அலுவலகத்தின் பக்கம் ஒரே மரத்தைக் குடைந்து செய்த பழங்காலத் தோணிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1980களின் நடுவில் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கரையோரச் சேற்றிலிருந்து இவை தலைகாட்டின. மொத்தம் 30 தோணிகள் அடையாளம் காணப்பட்டன. கதிரியக்கக் கார்பன் முறையில் பார்த்ததில் மிகப் பழையது 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மிக நீளமானது 37 அடி. பெரும்பாலானவற்றை ஏரித் தண்ணீருக்கு அடியிலேயே விட்டுவிட்டார்கள். காற்றுப் பட்டால் மரம் வெடித்து உதிர்ந்துவிடும் என்பதால் தண்ணீர்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

பக்கத்தில் நின்று தோணியின் உட்புறத்தைப் பாருங்கள். இரும்புக் கருவி இல்லாத காலம். சைப்ரஸ் மரத்தின் நடுவில் நெருப்பு மூட்டி, கரிந்த பகுதியைச் சிப்பியாலும் கல்லாலும் சுரண்டி, மறுபடி நெருப்பு மூட்டி, மறுபடி சுரண்டிக் குடைந்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகு ஏரியின் பெயர்க் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். 1755-இல் வேட்டைக்கு வந்த கூட்டம் ஒன்று வழி தெரியாமல் திரும்பிப் போக இருந்ததாம். பெஞ்சமின் டார்கிங்டன் என்பவர் மரத்தில் ஏறிப் பார்த்து ஏரி இருப்பதைச் சொன்னாராம். அவர் இறங்குவதற்குள் ஜோசையா ஃபெல்ப்ஸ் ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்துவிட்டாராம். பெயர் குதித்தவருக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதில் தோணி ஓட்டியவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

இரண்டாம் நிறுத்தம்: கால்வாய்

இங்கே அவசரப்பட வேண்டாம். அலுவலகத்திலிருந்து சாமர்செட் வளாகத்துக்குச் சிறிது தூரம்தான், நடந்தே போகலாம். அங்கே மாளிகைக்கு முன் ஓடும் வாய்க்காலை வருகிறவர்கள் அழகுக்கு வெட்டியது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

ஃபெல்ப்ஸ் ஏரிக்குள் எந்த ஆறும் வந்து கலப்பதில்லை. மழைநீர் மட்டுமே வரத்து. சுற்றியுள்ள வயல்களைவிட ஏரியின் நீர்மட்டம் உயரத்தில் இருக்கிறது. ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை: மேலே ஏரி, கீழே ஆயக்கட்டு, நடுவில் மதகு. கரையை உடைத்து ஒரு கால்வாய் வெட்டிவிட்டால், வேண்டும்போது தண்ணீரை வயலுக்கு விடலாம், வேண்டாதபோது சதுப்பை வடித்து ஆற்றுக்கு அனுப்பலாம், அறுத்த தானியத்தைப் படகில் ஏற்றி அதே வழியில் சந்தைக்கும் அனுப்பலாம்.

ஈடன்டன் நகர வணிகர் முதலாம் ஜோசையா காலின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்களுடைய லேக் கம்பெனி இங்கே ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கைப்பற்றியது. நிலம் கிடைத்தது, வெட்டுவதற்கு ஆள் வேண்டும். 1786-இல் கேம்டன் என்ற கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக 80 பேரை அடிமைகளாக ஈடன்டனுக்குக் கொண்டுவந்தது. அவர்களும் ஏற்கெனவே இங்கே அடிமைகளாக இருந்தவர்களும் சேர்ந்து, ஏரியிலிருந்து ஸ்கப்பர்னாங் ஆறு வரை ஆறு மைல் நீளம், 20 அடி அகலத்துக்குக் கால்வாயை வெட்டி முடித்தார்கள். மண்வெட்டியும் கோடரியும் மட்டுமே கருவி. சைப்ரஸ் வேர்கள் பின்னிக்கிடக்கும் சேற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்த வேலை.

பலர் நோயில் இறந்தார்கள். பிற்காலத்தில் இந்தப் பண்ணைக்கு மருத்துவராக இருந்த ஒருவர் தம் நினைவுக்குறிப்பில் கேள்விப்பட்டதொன்றை எழுதி வைத்திருக்கிறார்: இரவில் சிலர் தங்கள் ஊர்ப் பாட்டைப் பாடத் தொடங்குவார்கள், பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆப்பிரிக்கா இருக்கும் திசை என்று நம்பிய பக்கம் பார்த்துத் தண்ணீருக்குள் நடந்து போவார்கள். அதன் பிறகு அவர்கள் மாலையில் பாடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டதாம்.

கால்வாயின் கரையில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வளைவே இல்லை. இந்தப் பூங்காவில் எனக்கு மிக முக்கியமான காட்சி இதுதான். ஆனால் எந்த அஞ்சலட்டையிலும் இதைப் பார்க்க முடியாது.

தோட்டம் என்றதும் நமக்குத் தேயிலையோ ரப்பரோ நினைவுக்கு வரும், அமெரிக்கத் தெற்கு என்றால் பருத்தி. இங்கே முதலில் போட்டது நெல். தேங்கிய நீரில் நோய் பெருகியதால் அதைக் கைவிட்டுச் சோளத்துக்கும் கோதுமைக்கும் மாறினார்கள். கால்வாய் நீரின் விசையில் மாவு ஆலையும் மர அறுவை ஆலையும் ஓடின. 1843-இல் இதே கால்வாயில்தான் காலின்ஸ் குடும்பத்துச் சிறுவர் இருவரும், அவர்களுடன் விளையாடிய அடிமைச் சிறுவர் இருவரும் மூழ்கி இறந்தார்கள். சாமர்செட்டின் வழிகாட்டிகள் இதைச் சொல்வார்கள். உங்கள் பிள்ளைகளுடன் கரையோரம் நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வதற்கும் அது ஒரு காரணம்.

மூன்றாம் நிறுத்தம்: குடியிருப்பு, பிறகு மாளிகை

1785 முதல் 1865 வரையிலான எண்பது ஆண்டுகளில் 850-க்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பண்ணையில் அடிமைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். 1860-இல் மட்டும் 300 பேருக்கும் மேல். அவர்கள் வாழ்ந்த மரவீடுகளில் எதுவும் மிஞ்சவில்லை. தொல்லியல் அகழாய்வில் கிடைத்த அடித்தளங்களையும் ஆவணங்களையும் வைத்துச் சில கட்டடங்களைப் பின்னாளில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சக்கி டேவிஸ் என்ற பெண்ணின் குடும்பம் இருந்த வீடும், ஒற்றை அறை வீடு ஒன்றும், பண்ணை மருத்துவமனையும் உண்டு. ஒற்றை அறை வீட்டுக்குள் போய்க் கதவை ஒட்டி நின்று, எத்தனை பேர் படுக்க இடம் இருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வீடுகள் மறுபடி எழுந்ததற்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது. டோரதி ஸ்ப்ரூயில் ரெட்ஃபர்ட், பக்கத்து ஊரான கொலம்பியாவில் பிறந்தவர். தம் முன்னோரைத் தேடி 1970களின் கடைசியில் பத்திரங்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்டத் தொடங்கினார். அடிமைகளின் பெயர்கள் மாடு, ஏர், பாத்திரம் இவற்றுக்கு நடுவே விலையோடு எழுதப்பட்டிருந்த பட்டியல்கள். அவற்றிலிருந்தே குடும்பம் குடும்பமாகப் பிரித்து, வாரிசுகளைத் தேடிப் பிடித்து, 1986 ஆகஸ்டில் அனைவரையும் இந்த மண்ணுக்கு அழைத்தார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பிறகு அவரே இந்தத் தலத்தின் நிர்வாகியானார். அதுவரை முதலாளி குடும்பத்தின் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த இடம், அதன் பிறகுதான் எல்லோருடைய கதையையும் சொல்லத் தொடங்கியது.

வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் கட்டாயம் அதைத் தேர்ந்தெடுங்கள். தனியாகச் சுற்றினால் பலகைகளை வாசிக்கலாம், கேள்வி கேட்க முடியாது. "இந்த அறையைச் சுத்தம் செய்தவர் பெயர் தெரியுமா?" என்று கேளுங்கள். பல அறைகளுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது.

மாளிகைக்கு இப்போது போகலாம். 1830களில் மூன்றாம் ஜோசையா காலின்ஸ் கட்டிய பதினான்கு அறை வீடு. சமையற்கட்டு, பால் அறை, இறைச்சியைப் புகையூட்டும் கொட்டகை, உப்பிடும் அறை எல்லாம் தனித்தனிக் கட்டடங்களாகச் சுற்றி நிற்கின்றன. மேல்மாடத் தாழ்வாரங்களில் நிற்பவருக்கு இந்தக் கொட்டகைகளும் ஏரிப் பக்கமும் ஒரே பார்வையில் அகப்படும். மேற்பார்வைக்காகவே கட்டியது போலிருக்கும். உள்நாட்டுப் போர் முடிந்ததும் கூலியில்லாத உழைப்பு நின்றது, பண்ணையும் படுத்தது. காலின்ஸ் குடும்பத்தால் அதை மீட்க முடியவில்லை.

பூங்காவின் பெயருக்கு உரிய பெட்டிக்ரூக்கள் இன்னொரு குடும்பம். காலின்ஸ்களின் அண்டை வீட்டார், போனார்வா பண்ணையின் உரிமையாளர்கள். உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையின் ஒரு பிரிவை நடத்தி, பின்வாங்கும்போது காயப்பட்டு 1863 ஜூலையில் இறந்த தளபதி ஜேம்ஸ் ஜான்ஸ்டன் பெட்டிக்ரூ இந்தக் குடும்பம். வீடு இப்போது இல்லை. குடும்பக் கல்லறை மட்டும் பூங்காவுக்குள் இருக்கிறது. கால்வாய் வெட்டியவர்கள் பெயரில் ஒரு பூங்கா அமைவது எப்போது என்று தெரியவில்லை.

நான்காம் நிறுத்தம்: காட்டுப் பாதைகள்

ஏரியின் வடகரையை ஒட்டி இரண்டு பாதைகள். கிழக்கே பீ டிரீ மேடை வரை போவது குட்டையானது, சிறு பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஏற்றது. மேற்கே மொக்கசின் மேடை வரை போவது ஒரு வழி மட்டும் மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சமதரை, ஏற்றமே கிடையாது. ஒன்றுதான் முடியும் என்றால் மேற்குப் பாதை. கடைசியில் சதுப்பின்மேல் போட்ட மரப்பாலத்தில் நடந்து ஏரிமுகத்துக்கு வருவீர்கள்.

வழியில் நிற்கும் சைப்ரஸ் மரங்களையும் டூலிப் மரங்களையும் அண்ணாந்து பாருங்கள். சுற்றுவட்டாரம் முழுவதும் வெட்டி வயலாக்கப்பட்டபோது ஏரிக்கரையில் இந்தப் பட்டை மட்டும் தப்பியது. தரையில் கவனிக்க வேண்டியது விஷப் படர்கொடி. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் சற்று நீண்ட காம்பு, மரத்தில் ஏறும் தண்டு முழுக்கப் பழுப்பு ரோமம். தொட்டால் இரண்டு வாரம் சொறிய வேண்டிவரும். நீர்க்கரையில் தடித்த உடலும் வாய்க்குள் பஞ்சு வெள்ளையும் கொண்ட நச்சுப் பாம்பு உண்டு. அதன் பெயரைத்தான் பாதைக்கே வைத்திருக்கிறார்கள். பாதையை விட்டு விலகாமல் நடந்தால் போதும்.

ஐந்தாம் நிறுத்தம்: தண்ணீரில்

ஏரியின் சராசரி ஆழம் நாலரை அடி, அதிகபட்சம் ஒன்பது அடி. வண்டல் கொண்டுவரும் ஆறு இல்லாததால் தண்ணீர் தெளிந்திருக்கும். பல இடங்களில் அடிமணலே தெரியும். ஏரிக்கு ஏறத்தாழ 38,000 வயது என்கிறார்கள். அது உண்டான விதம் பற்றி ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. தரையடியில் மட்கிய தாவரப் படிவு (பீட்) எரிந்து பள்ளமானது என்பார்கள் சிலர், விண்கல் என்பார்கள் சிலர்.

ஆழம் குறைவு என்று அலட்சியம் வேண்டாம். ஆழமில்லாத பரந்த நீரில் காற்று எழும்பினால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து மோதும், கயாக் கவிழ்வதற்கு அதுவே போதும். விடியற்காலையில் இறங்குங்கள், கரையை ஒட்டியே செல்லுங்கள், காற்று மாறியதும் திரும்பிவிடுங்கள். ஆளுக்கொரு மிதவை அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் அதை அணிந்தே இருக்க வேண்டும். கயாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். மீன்பிடிக்க 16 வயது ஆனவர்களுக்கு மாநில உரிமம் தேவை. பாஸ், மஞ்சள் பெர்ச், கெளுத்தி இவை கிடைக்கும்.

குளிர்காலம் என்றால் அன்னங்கள்

நவம்பரில் ஆர்க்டிக் பகுதியிலிருந்து டண்ட்ரா அன்னங்கள் வரத் தொடங்கும். பிப்ரவரி வரை இருக்கும். இரவில் ஏரியில் தங்கிவிட்டுப் பகலில் அறுவடை முடிந்த சோள வயல்களில் மேயப் போகும். அன்னத்தைச் செய்யுளில் மட்டும் சந்தித்த நமக்கு, அதன் கூச்சல் ஏமாற்றமாக இருக்கலாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கல்யாண மண்டபச் சத்தம் அது.

கூட்டத்தில் பனி வாத்துகளும் கலந்திருக்கும். பிரித்தறிவது சுலபம்: அன்னம் உருவில் பெரியது, முழுவெள்ளை, கருப்பு அலகு, நீண்ட கழுத்து. பனி வாத்து சிறியது, பறக்கும்போது இறக்கை நுனியில் கருப்பு தெரியும். பெருங்கூட்டத்தைப் பார்க்க ஏரியின் தென்மேற்கே பொக்கோசின் லேக்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் புங்கோ பகுதிக்குப் போங்கள். சூரியன் எழும் நேரமும் மறையும் நேரமும்தான் கணக்கு. மண்சாலைகள் மழைக்குப் பின் சேறாகிவிடும், தாழ்வான கார் மாட்டிக்கொள்ளும். பறவைகளின் அமைதிக்காகக் குளிர்காலத்தில் சில பாதைகளை மூடிவைப்பார்கள், அந்தப் பலகைகளை மதியுங்கள். காரை விட்டு இறங்காமல் சன்னலைத் தாழ்த்தி வைத்துப் பார்ப்பதே நல்லது. கார் நிற்பதை அன்னங்கள் பொருட்படுத்துவதில்லை, ஆள் இறங்கினால் வயல் முழுவதும் எழும்பிவிடும். இங்கே கரடிகளையும் வயலோரத்தில் பார்க்க வாய்ப்புண்டு.

தங்குவதும், அடுத்த நாளும்

பூங்காவில் சிறிய முகாம்தளம் இருக்கிறது. முன்பதிவு மாநிலப் பூங்காக்களின் இணையதளத்தில். கூடாரம் வேண்டாம் என்பவர்கள் பிளிமத்தில் அறை எடுக்கலாம்.

இரண்டாம் நாள் இருந்தால் ஈடன்டனுக்குப் போங்கள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். கேம்டன் கப்பல் வந்த துறை அதுதான். அடிமையாகப் பிறந்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பாட்டியின் வீட்டுக் கூரையிடுக்கில் ஒளிந்திருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸின் ஊரும் அதுதான். சாமர்செட்டைப் பார்த்த கையோடு அந்தத் துறைமுகத் தெருவில் நடந்தால் இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று பொருந்தும். சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்குக் கொலம்பியா போதும். ஸ்கப்பர்னாங் ஆற்றை ஒட்டிய மரப்பாலப் பாதை அங்கே இருக்கிறது, தள்ளுவண்டியும் போகும், இலவசம்.

கடற்கரைக்குப் போகும் வழியில் மூன்று மணி நேரம் மட்டும் ஒதுக்க முடியும் என்றால், காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். தோணிக்குக் கால் மணி நேரம், கால்வாய்க்கு அரை மணி, குடியிருப்புக்கும் மாளிகைக்கும் ஒன்றரை மணி. மீதி நேரத்தில் ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். காட்டுப் பாதையையும் கயாக்கையும் அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள். சாமர்செட்டில் கடைசிச் சுற்று எத்தனை மணிக்கு என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுவது நல்லது.